ஜெர்மன்காரன் குரலும் என் வாழைக்குலை ஏலமும்

அண்ணாச்சி, ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுக்குடுத்தீங்கல்லா, அதுக்காக ஒண்ணு சொல்லுதேன். கதைன்னு நெனைக்காதீங்க, அம்புட்டும் நடந்தது. இதுல ஒரே ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் இந்த பஸ்ஸு ஆரல்வாய்மொழி காத்தாடிக்குக் கீழ அப்படியே நின்னு போகட்டும். நின்னா நாந்தான் மொதல்ல எறங்கித் தள்ளணும். எனக்கு இடுப்பு வலி. அதனால பொய் சொல்ல மாட்டேன்னு நம்பிக்கிடுங்க.

நான் கிளாட்சன். நாகர்கோவில் மார்க்கெட்ல வாழைக்குலை ஏலம் விடுதவன். பள்ளிக்கூடம் ஆறாப்பு வரைக்கும். அதுக்கு மேல வாத்தியாருக்கு எங்கூட பேசி ஜெயிக்க முடியல. ஆனா நம்ம வாய் இருக்கே, அது வேற ரகம். "ஏ மட்டிக்குலை பாரு, மணத்தப் பாரு, மாமியா வீட்டுக்கு கொண்டு போனா மருமவனுக்கு மரியாதையப் பாரு"ன்னு எடுத்து விட்டேன்னா, மலிவா பாளையன்கோடன் வாங்க வந்தவன் வெலை கூடின செந்துளுவன் வாங்கிட்டுப் போவான். வீட்டுக்குப் போய்தான் முழிப்பான்.

ஏலத்துல காதுக்கு சோலியே கிடையாது, கேட்டீங்களா. ஒருத்தன் புருவத்தத் தூக்குவான், ஒருத்தன் தோள்ல கிடக்குத துண்ட உதறுவான். நான் கண்ணால பாத்து வெலைய ஏத்துவேன். வாய் மட்டும் நிக்கப்படாது. வாய் நின்னா வெலை நின்னுரும். அதான் தொழிலு.

எம்பொண்டாட்டி ஜெசிந்தா. நர்ஸு. அமைதி. இடி விழுந்தாலும் "என்ன சத்தம்"னு கேக்காம, எந்திரிச்சுப் போய் கொடியில காயுத துணிய எடுக்கிறவ. அவளுக்கு ஜெர்மனியில ஒரு ஆசுபத்திரியில வேலை சொல்லி வெச்சிருந்தாவ. மொதல்ல அவ போகணும், பொறவு என்னக் கூப்புடணும், அதான் ஏற்பாடு. ஆனா அதுக்கு ஜெர்மன் பாஷை பாஸ் பண்ணணும். நாலு கண்டம் அது. வாசிக்கணும், எழுதணும், பேசணும், கேக்கணும். மூணுல பாஸாயிட்டா. கேக்குததுல ரெண்டு தடவ பெயிலு.

எனக்கு ஒரே சிரிப்பு. "ஏ பிள்ள, பேசத் தெரிஞ்சவளுக்கு கேக்கத் தெரியலன்னா எப்படி? காதுல குரும்பி இருக்கான்னு பாரு"ன்னேன்.

அவ சொன்னா, "பேசும்போது எனக்குத் தெரிஞ்ச வார்த்தைய நானா எடுத்துப் பேசிக்கிடுவேன் அத்தான். கேக்கும்போது எல்லாம் அவன் கையில. அவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான். ஒரு வார்த்தை புரியலயேன்னு நான் நின்னா, அதுக்குள்ள நாலு வார்த்தை தாண்டிப் போயிருவான்."

அவன்.

எனக்கு மத்ததெல்லாம் காதுல நிக்கல அண்ணாச்சி. அவன்னு சொன்னா பாத்தீங்களா, அது மட்டும் நின்னுச்சு. எவன்?

"ரெக்கார்டுல பேசுதவன்"னா. கிளாஸ்ல பாடம் எல்லாத்தையும் போன்ல ஏத்திக் குடுத்திருக்காவளாம். அதுல பேசுதவன் பேரு ஸ்டெஃபானாம். நம்ம சபையில ஸ்தேவான்னு மணியடிக்கித கோயில்குட்டி ஒருத்தரு இருக்காரு, அவரு பேச ஆரம்பிச்சா மெழுகுவர்த்தியே தூங்கிரும். அந்தப் பேருக்காரன் எப்படி இருப்பான்னு விட்டுட்டேன். விட்டது தப்பு.

அன்னையிலிருந்து வீட்டுல அவந்தான். காலையில தோசை சுடும்போது காதுல அவன். துணி தொவைக்கும்போது அவன். கண்ண மூடிக்கிட்டு "ம்... ம்..."னு தலைய ஆட்டுதா. எங்கிட்ட என்னைக்காவது அப்படி "ம்" சொல்லியிருக்காளா? நான் பேசும்போது "ம்" போடதுக்கு எங்க எடம் இருக்குங்கா. ஒரு நாளு தேங்கா துருவிக்கிட்டே சிரிக்கா! நாகர்கோவில் மார்க்கெட்டே என் பேச்சுக்கு உருண்டு பெரண்டு சிரிக்கும், எம்பொண்டாட்டிய நான் சிரிக்க வெச்சு எத்தனையோ நாளாச்சு. அவன் எங்கயோ உக்காந்துக்கிட்டு சிரிக்க வைக்கான்.

அவ குளிக்கப் போன நேரம் பாத்து அந்த ஹெட்போன் வயர எடுத்து என் காதுல மாட்டினேன். என்ன குரலுங்கீங்க! வெண்ணைய வெயில்ல வெச்ச மாதிரி. நிதானம். ஒரு வரி பேசுதான், நிறுத்துதான். கேள்வி மாதிரி ஏதோ கேக்கான், கேட்டுட்டு சும்மா இருக்கான். அந்தப் பக்கத்துல ஒரு பொம்பளை பதில் சொல்லுதா. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல அண்ணாச்சி அவன்! கேள்வி கேட்டுட்டு பதிலுக்காவ காத்து நிக்கித ஆம்பளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? இதுல ஏதோ சூது இருக்குன்னு அப்பமே எனக்குப் பட்டுச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அவனுக்குக் குரல் இருந்தா எனக்கும் இருக்கு. அவ வயர மாட்டினா போதும், நான் பக்கத்துல உக்காந்து ஏலம் ஒத்திகை பாப்பேன். "ஏ நேந்திரன் பாரு, வளைவப் பாரு, நீளத்தப் பாரு!" அதுக்கும் அசையலன்னா மிக்ஸி. மிக்ஸியில ஒண்ணும் போடாமலே ஓட்டுவேன். அதுக்கும் மேலன்னா கிறிஸ்மஸ் கீதம். மே மாசத்துல.

மொதல்ல ரெண்டு மூணு நாள் அழுதா. "ஒரு தடவதான் போடுவாவ அத்தான் பரீட்சையில, ஒரு தடவ விட்டா போச்சு. இந்தத் தடவயும் பெயிலானா அந்த வேலைய வேற பிள்ளைக்குக் குடுத்துருவாவளாம். கொஞ்சம் சும்மா இருங்க"ன்னா. நானும் இருந்தேன். பல்லு வெளக்குத நேரம் வரைக்கும் இருந்தேன்.

பொறவு அழுகைய நிறுத்திட்டா. வையவும் இல்ல, திரும்பியும் பாக்கல. நான் கீதத்துல மூணாவது சரணத்துக்குப் போயிட்டேன், இவ காயித்தத்துல டிக்கு போட்டுக்கிட்டே இருக்கா. ஒரு நாளு என் மேல பல்லி விழுந்து நான் வீடே அதிர கத்தினேன். அவ தலைய நிமித்தல! பல்லி கூட எம்மூஞ்சியப் பாத்துச்சு, இவ பாக்கல.

என்ன அண்ணாச்சி, ஏதோ சொல்ல வாரீங்க. இருங்க, இருங்க. சரக்கு இனிமேதான் வருது.

அந்தக் கிளாஸ்ல ஆக்னஸ் மிஸ்ஸுன்னு ஒரு டீச்சர். நெத்தியில விபூதி மாதிரி எப்பவும் சாக்பீஸு தூசி. அவிய இவளுக்கு ஒரு வித்தை சொல்லிக் குடுத்திருக்காவ. "தெரியாத வார்த்தைய புடிச்சு தொங்காத, விட்டுட்டு அடுத்ததப் புடி. யாரு பேசுதா, எங்க நின்னு பேசுதா, என்ன வேணும்னு பேசுதா, அத மட்டும் மொதல்ல பாரு. கேட்டு முடிச்சதும் வீட்டுல யாருகிட்டயாவது தமிழ்ல கதையாச் சொல்லு. சொல்ல முடிஞ்சா நீ கேட்டுட்டன்னு அர்த்தம்."

நல்ல யோசனைதான். யாருகிட்டயாவதுன்னா நாந்தானே? தெனமும் சோறு வெச்சுக்கிட்டே சொல்லுவா. நானும் மரியாதையா "ஆமா... அப்படியா... அடடே"ன்னு எல்லாத்துக்கும் சொல்லுவேன். மனசுக்குள்ள நாளைக்கு எந்தக் குலைக்கு என்ன பேச்சு எடுத்து விடணும்னு ஓட்டிப் பாக்கிறதும் உண்டு. தொழிலுல்லா?

அப்படி இருக்கையில ஒரு நாள் எங்கிட்ட சொல்லுதத நிறுத்திட்டா. காரணமே கிடையாது. நேரா பக்கத்து வீட்டு புஷ்பம் அக்காகிட்ட போய்ச் சொல்லுதா. புஷ்பம் அக்காவுக்கு ஒரு காது அடைப்பு! ரெண்டு காதும் நல்லா இருக்குத புருசன விட்டுட்டு, அரைக் காதுக்காரிகிட்ட போய் ஒருத்தி கதை சொல்லுதான்னா என்ன அர்த்தம்? எங்கிட்ட மறைக்கிறதுக்கு என்னமோ இருக்கு. உங்களுக்கே இப்ப புரிஞ்சிருக்கும்.

அடுத்து நான் செஞ்சத கேளுங்க. அவ பாடத்த வெளிய சத்தமா போட்டிருந்த நேரம், பதுங்கிப் போய் என் போன்ல அத பதிஞ்சுக்கிட்டேன். நம்ம ரூபன்னு ஒரு பய, செல்போன் கடை வெச்சிருக்கான். அவங்கிட்ட ஜெர்மன தமிழாக்குத சமாச்சாரம் இருக்கு. என் போன் பக்கத்துல அவன் போன வெச்சான். அது ரேடியோவுல செய்தி வாசிக்கிறவ மாதிரி சுத்தத் தமிழ்ல சொல்லுது, "சனிக்கிழமை நான்கு மணிக்கு ரயில் நிலையத்தின் முன்பு சந்திக்கலாமா? மழை பெய்தால் உள்ளே காப்பிக் கடையில் காத்திருப்பேன்."

 காப்பிக் கடை வரைக்கும் பேசி வெச்சுருக்கான்!

ரூபன் சொன்னான், "அண்ணே, இது பாடமா இருக்கும்ணே."

"ஏல, உனக்கு கல்யாணம் ஆச்சா?"

"இல்லண்ணே."

"அப்பம் ரீசார்ஜ் மட்டும் பாரு."

வீட்டுக்கு வாரேன், இவ தலை சீவிக்கிட்டே ஏதோ சொல்லுதா. நான் எங்க கேக்க, அந்தக் காப்பிக் கடை நெனப்புல? "சனிக்கிழமை நாலு மணி"ன்னு சொன்னா. அது மட்டும் காதுல விழுந்துச்சு. போதும். அதுக்கு மேல என்ன வேணும்?

என்ன சொல்லுதீங்க? வள்ளியூரா? அது அப்பமே போயிட்டுதே! அட, எறங்கணும்னா வாயத் தொறந்து சொல்லப்படாதா? சொன்னீங்களா? எப்பம்? சரி, உக்காருங்க. நாங்குநேரியில எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சா திரும்ப வள்ளியூர் வந்துரும். ஆனா இந்தக் கதை திரும்ப வராது.

சனிக்கிழமை. நல்ல ஏலம், கல்யாண சீசனு. நான் கல்யாணத்துக்கு எடுத்த சந்தன சட்டைய மாட்டிக்கிட்டு நாகர்கோவில் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கேன். அடிக்கதா, பேசித் தீக்கதான்னு ஒரு முடிவுக்கு வரல. ஆனா சட்டை அயர்ன் பண்ணி இருந்துச்சு.

சொன்னா நம்ப மாட்டீங்க, சரியா நாலு மணி, வாசல்ல ஒரு வெள்ளைக்காரன்! ஒயரம், முதுகுல பெரிய மூட்டை, இப்படியும் அப்படியும் பாத்துக்கிட்டு நிக்கான். யாருக்கோ காத்து நிக்கான். கன்னியாகுமரிக்கு வாரவன் எத்தனையோ பேரு நிப்பான், ஆனா இவன் நிக்கித நிலைமை வேற.

கிட்டப் போனேன். "ஸ்டெஃபான்?"னேன்.

சிரிக்கான். தலைய ஆட்டுதான். ஆமான்னானா இல்லன்னானா தெரியல. எனக்கு ஆமான்னே பட்டுச்சு.

ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. ஆதியோடந்தமா. ஜெசிந்தாவ பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு அவ குடிச்ச தண்ணி கிளாஸ கீழ வைக்கத் தெரியாம கையிலயே வெச்சிருந்தா, அதுல இருந்து. அவளுக்கு மழை புடிக்கும். முருங்கைக்கீரை புடிக்காது. வார்டுல ஒருத்தரு செத்தா அன்னைக்கு வீட்டுல எதையாவது ஒண்ண பளபளன்னு தேச்சுக்கிட்டே இருப்பா. இதெல்லாம் உனக்குத் தெரியுமாடே? வெறும் குரல வெச்சுக்கிட்டு வந்துட்டானாம்! அவ போயிட்டா எனக்கு வீட்டுல யாரு இருக்கா? நான் யாருகிட்ட பேச?

ஆட்டோக்காரனுவ கூடிட்டானுவ. "என்ன கிளாட்சா, இங்கயும் ஏலமா? இந்தக் குலை எங்க வெளைஞ்சது?"ன்னு ஒருத்தன் கேக்கான். எல்லாவனும் சிரிக்கான். ஆனா அந்த வெள்ளைக்காரன் மட்டும் சிரிக்கல. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கண்ண எடுக்காம எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். முடிச்சதும் மூட்டையில இருந்து தண்ணி பாட்டில எடுத்து எங்கிட்ட நீட்டினான். நான் வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னேன் போல. குடிச்சேன். என்ன செய்ய? அப்பமே ஒரு பஸ்ஸு வந்துச்சு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஏறிப் போயிட்டான்.

மழை பிடிச்சுது. ஓடிப் போய் உள்ள காப்பிக் கடையில நின்னேன். உண்மையான ஸ்டெஃபான் அங்க இருந்தாலும் இருப்பான்லா. அப்பம் போனு அடிக்கு. ஜெசிந்தா.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"நீ எங்க இருக்க, அதச் சொல்லு மொதல்ல."

"கிளாஸ் வாசல்ல. மழையில. மாதிரிப் பரீட்சை முடிஞ்சிரும், சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி கொண்டு வாங்கன்னு சொன்னேன்ல? நனைஞ்சுபோய் நிக்கேன்."

"நான் ஸ்டேஷன்ல நிக்கேன்."

"எதுக்கு?"

"ஸ்டெஃபானுக்காவ."

 அந்தப் பக்கத்துல மழை பெய்யுதது கேக்கு. மெதுவாச் சொன்னா, "அத்தான், அது பாடம். அவன்கூட பேசுத பொண்ணு பேரு மோனிகா. ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போறாவ. அந்தக் கதைய உங்ககிட்ட முழுசாச் சொன்னேன். நீங்க அடடேன்னு சொன்னீங்க. நீங்க அடடே சொன்னதும், கதையில என்ன வந்துச்சுன்னு கேட்டேன். யாரு செத்தான்னு கேட்டீங்க. அதோட உங்ககிட்ட சொல்லுதத விட்டுட்டேன்."

பாத்தீங்களா, எப்படி மாத்திப் பேசுதா? சொல்லவே இல்ல அண்ணாச்சி. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?

சரி, அத விடுங்க. பெரிய பரீட்சை வந்துச்சு. ஒரு பெரிய ஹாலு, அம்பது அறுவது பிள்ளைங்க உக்காந்திருக்கு. ரெக்கார்டு ஓட ஆரம்பிச்ச நேரம் பாத்து வெளிய ரோட்ட தோண்டுத மெஷினு, தடதடதடன்னு. ஜன்னல அடைச்சும் நிக்கல. பாதிப் பிள்ளைங்க காதப் பொத்திக்கிட்டு அழுதுட்டாம். இவ மட்டும் குனிஞ்ச தலை நிமிராம டிக்கு போட்டுட்டு வந்துருக்கா. பாஸு! அதுவும் மத்த மூணையும் விட அதுலதான் கூட மார்க்கு.

வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வான்னு ஆக்னஸ் மிஸ்ஸு சொன்னாவளாம். போனேன். என்ன ஏற எறங்கப் பாத்தாவ. "நீங்கதானா அது? வீட்டுல கேக்கவே முடியல மிஸ்ஸுன்னு இவ எங்கிட்ட வந்து அழுதா. அந்தச் சத்தத்த நிறுத்த முடியாது, அதத் தள்ளி வெச்சுட்டு அதுக்குள்ள இருக்குத குரலக் கேக்கப் பழகுன்னு நாந்தான் சொன்னேன். உங்க குரலையே தாண்டிக் கேக்கப் பழகினவளுக்கு ரோடு தோண்டுத மெஷினு ஒரு சத்தமா?"ன்னாவ.

ஒரு டீச்சர் வாயால பாராட்டு! வேற எந்தப் பிள்ளைக்காவது வீட்டுல இப்படி பயிற்சி குடுக்க ஆளு இருந்துதா? நான் அன்னைக்கு மார்க்கெட்ல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். "எம்பொண்டாட்டிய நாந்தாம்ல பாஸ் பண்ண வெச்சேன்"னு. அதுல ஒண்ணும் பொய் இல்லையே?

போயிட்டா. விமானம் ஏறி போயாச்சு. அங்க ஒரு பெரிய ஆசுபத்திரியில இருக்கா. வயசானவங்க வார்டு. அவங்க பேசுதத கேக்கதுதான் பாதி வேலைங்கா. எனக்கு அதுலயும் வயிறு எரியுது, என்னன்னு கேக்கீங்களா? தாத்தாமாரு அண்ணாச்சி, பல்லு போன தாத்தாமாரு! அவங்க சொல்லுததெல்லாம் இவ பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு கேக்காளாம். இங்க ஒருத்தன் முப்பத்திரெண்டு பல்லோட இருக்கேன்.

என்ன எப்பம் கூப்புடுவன்னு போன மாசம் கேட்டேன். ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து போன் பேசிக்கிட்டு இருக்கோம். நல்லா பேசினோம். நெறைய பேசினோம்.

அவ சொன்னா, "கூப்புடுதேன். ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு நான் உங்ககிட்ட மூணு விசயம் சொல்லியிருக்கேன். அத திருப்பிச் சொல்லுங்க. தமிழ்ல சொன்னாப் போதும்."

இதென்ன பெரிய காரியம்? "குளிருது, அதானே?"ன்னேன்.

"குளிருதான்னு நீங்க கேட்டீங்க."

"சாப்புட்டாச்சு."

"அதுவும் நீங்க கேட்டதுதான் அத்தான். நான் பதில் சொல்லதுக்குள்ள மட்டி வெலை எறங்கினதுக்குப் போயிட்டீங்க."

மூணாவது என்னன்னு யோசிச்சேன், யோசிச்சேன். மார்க்கெட்ல நூறு பேரு புருவம் என் ஞாபகத்துல இருக்கு. இவ சொன்னதுல ஒண்ணு கூட வரல. கோவப்படல அவ. அது எனக்குப் புடிக்கல. கோவப்பட்டா ஏதாவது பேசி சமாளிப்பேன்.

"ஜெர்மன் கிளாஸ்ல சேருங்க. பேச, எழுத ஒண்ணும் வேண்டாம். கேக்குததுல பாஸ் பண்ணுங்க. அன்னைக்கு டிக்கெட் போடுதேன்"னுட்டு வெச்சுட்டா.

அதான் போய்க்கிட்டு இருக்கேன், பாளையங்கோட்டை கிளாஸுக்கு. நாகர்கோவில்ல சேந்தா மார்க்கெட்ல சிரிப்பானுவ. அங்கயும் அதே ஸ்டெஃபான் ரெக்கார்டுதான், என்னக் கேட்டா அவங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. நான் முன்னாடி பெஞ்சுலதான் உக்காருதேன். அவன் வாயத் தொறந்ததும் எனக்கு அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஜோக்கு வந்துரும். நான் சொல்லுவேன், கிளாஸ் சிரிக்கும், பாடம் ஓடிப் போயிரும். டீச்சர் திரும்பப் போடுவாவ, எனக்கு வேற ஒண்ணு வந்துரும். "கிளாட்சன், உங்களுக்கு என்னதான் வேணும்?"னு அந்த டீச்சர் பிள்ளை போன வாரம் கேட்டுச்சு. எம்பொண்டாட்டி வேணும்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கும் ஒரு ஜோக்குதான் வாயில வந்துச்சு.

நாங்குநேரி வந்துட்டு. எறங்குதீங்களா? இருங்க, இருங்க, இப்படி சும்மா எறங்கிப் போயிரலாம்னு பாக்காதீங்க. எம்பக்கத்துல உக்காந்து நான் பேசுதத கேட்டு பயிற்சி எடுத்த ஒருத்தி ஜெர்மனிக்குப் போயிட்டா. உங்களுக்கும் இப்ப முழுப் பயிற்சி குடுத்தாச்சு, இனி எந்த மெஷினுக்குப் பக்கத்துல நிறுத்தினாலும் உங்க காது அசையாது. அதுக்கு ஃபீஸு ஒரு டீயும் உளுந்த வடையும். கண்டக்டர ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லுதேன். என்னது, ஒரு வடை போதுமாவா? மே மாசத்துல கிறிஸ்மஸ் கீதம் பாடினவன் அண்ணாச்சி நான், இந்தத் தொண்டைக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டா வாங்கிட்டு வாங்க.